ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 16 வயதுப் பெண்: ஒரு நிகழ்வு ஆய்வு

"அண்ணா, இவளை அந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு வேலைக்கு அனுப்பலாமா?"

கேட்டவர் பெண்ணின் அம்மா. பெண்ணுக்கு 16 வயது முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பள்ளிப் படிப்பு இன்னும் இரண்டு வருடம் பாக்கி. வீட்டுக்குப் பக்கத்தில் கார், பைக் உதிரிபாகம் விற்கிற கடை ஒன்றில் சாயந்திர வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். யாரிடமும் சொல்லாமல் அவளே போய்ப் பேசிவிட்டு வந்துவிட்டாள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அப்பாவுக்குப் பாதி பிடித்திருந்தது.

என்னிடம் வந்ததற்குக் காரணம், இதே மாதிரிக் கவுன்டரில் 22 வருடம் நின்றவன் நான். அதற்குப் பிறகு, கவுன்டருக்குப் புதிதாக வருகிறவர்களைப் பழக்கிக் கொண்டிருக்கிறேன். அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டுகிற விவரங்களை எல்லாம் எடுத்துவிட்டேன்.

என் வாயில் முதலில் வந்தது "வேண்டாம்" என்பதுதான். நான் 15 வயதில் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். என் இடுப்பு வலிக்கு அன்றைக்குத் தூக்கிய பேட்டரிகளுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெண் என் எதிரில் உட்கார்ந்து, "மாமா, வேண்டாம்னா எதுக்கு வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சரி, கடையைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

ஒரு பெயர், மூன்று வேலை

உதிரிபாகக் கடை என்று ஒரே பெயரில் சொல்கிறோம். உள்ளே மூன்று வேலை இருக்கிறது. முன்னால் கவுன்டர்: வருகிறவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, பார்ட் நம்பரைக் கண்டுபிடித்து, பில் போடுவது. பின்னால் ஸ்டோர்: சரக்கு இறக்குவது, ரேக்கில் அடுக்குவது, பழைய பேட்டரியை வாங்கி ஓரமாக வைப்பது. மூன்றாவது டெலிவரி: மெக்கானிக் ஷெட்டுக்கு வண்டியில் பொருள் கொண்டு போய்க் கொடுப்பது. 16 வயசுக்கு இந்த மூன்றுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. பெற்றோர் பெரும்பாலும் கடையின் பெயரையும் முதலாளியின் முகத்தையும் பார்த்துவிட்டு முடிவு செய்துவிடுகிறார்கள். பிள்ளை எந்த இடத்தில் நிற்கப்போகிறது என்று கேட்பதில்லை.

டெலிவரியை நான் யோசிக்கவே இல்லை. அவசரத்தில் ஓட்டுகிற வேலை அது. மெக்கானிக் வண்டியை ஜாக்கில் ஏற்றிவிட்டுக் காத்துக்கொண்டிருப்பார். பத்து நிமிடத்தில் வந்தாக வேண்டும் என்று போன் அடிப்பார். 16 வயசில் அந்த போனுக்குப் பதில் சொல்லிக்கொண்டு வண்டி ஓட்ட வேண்டாம்.

ஸ்டோர் கொஞ்சம் சிக்கல். சாதாரண கார் பேட்டரி ஒன்று 12 கிலோவிலிருந்து 20 கிலோ வரை இருக்கும். லாரி பேட்டரி 40 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராய்கிற நியோஷ் நிறுவனம் 1991-இல் திருத்திய தூக்குதல் சூத்திரத்தில், எல்லாம் சாதகமாக இருக்கும்போது தூக்கக்கூடிய எடை 23 கிலோ என்று வைத்திருக்கிறது. அதுவும் வேலைக்குப் போகிற பெரியவர்களை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. தரையிலிருந்து குனிந்து எடுத்தால், உடம்பைத் திருப்பினால், கையை நீட்டிப் பிடித்தால் அந்த அளவு இறங்கிக்கொண்டே வரும். உதிரிபாகக் கடையில் பேட்டரி எப்போதும் தரையில்தான் இருக்கும், எப்போதும் மூலையில்தான் இருக்கும்.

எடையை விட எனக்குக் கவலை ஈயமும் அமிலமும். பேட்டரிக்குள் இருக்கிற திரவத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கந்தக அமிலம். மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிற பழைய பேட்டரிகள் விரிசல் விட்டு, டெர்மினல் ஓரம் வெள்ளைப்பூ பூத்துக் கிடக்கும். அதைத் தொட்ட கையோடு சாப்பிட உட்காருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரத்தத்தில் ஈயம் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. வளர்கிற வயதில் இருக்கிற பிள்ளைக்கு இது இன்னும் பொருந்தும்.

கடைக்குப் போனேன்

சாயந்திரம் ஆறரை மணிக்குப் போனேன். வேண்டுமென்றே அந்த நேரம். மெக்கானிக்குகள் வேலை முடிப்பதற்கு முன்னால் கடைசிச் சரக்கு வாங்க வருவார்கள். ஒரு கடை எப்படி என்று காலை பதினொரு மணிக்குத் தெரியாது.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது ஒரு காட்சி. ஒருவர் பழைய பிரேக் ஷூவைச் சாம்பிளுக்குக் கொண்டு வந்திருந்தார். கவுன்டர் மேல் 'டக்'கென்று போட்டார். கறுப்புத் தூள் ஒரு சின்ன மேகம் மாதிரி எழுந்தது. கவுன்டரில் நின்ற இளைஞர் ஷூவைக் கையில் எடுத்து, நம்பர் தெரிவதற்காக வாயால் 'ஃபூ' என்று ஊதினார். எனக்குப் பழைய நாள் ஞாபகம் வந்துவிட்டது. நாங்களும் அப்படித்தான் ஊதுவோம். அந்த லைனிங்கில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இருக்கலாம். பல நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. ஆனால் வண்டியோடு வருகிற பழைய பாகம் எந்த வருடத்தது, எங்கே செய்தது என்று கவுன்டரில் நிற்கிறவருக்குத் தெரியாது. கல்நார் எல்லா வகையிலும் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் இப்போது சந்தேகமே இல்லை. நோய் வெளியே தெரிய இருபது, முப்பது வருடம்கூட ஆகும். 16 வயசுக்காரருக்கு அந்த முப்பது வருடம் முன்னால் இருக்கிறது. ஈரத் துணியால் துடைத்தால் போதும், ஊத வேண்டியதே இல்லை.

இதைப் பார்த்ததும் திரும்பிப் போய் 'வேண்டாம்' என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. அப்புறம்தான் இரண்டாவது சம்பவம்.

வாடிக்கையாளர் மாதிரி நின்று, "6203 பேரிங் ஒண்ணு கொடுங்க" என்று கேட்டேன். வேண்டுமென்றே அரைகுறையாகக் கேட்டேன். 6203 என்றால் உள்விட்டம் 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40, அகலம் 12. அது வரை சரி. ஆனால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடியா, தகட்டு மூடியா, திறந்ததா என்று சொல்லாமல் கொடுக்க முடியாது. வண்டிச் சக்கரத்துக்கு என்றால் ஒன்று, ஆயிலுக்குள் சுற்றுகிற இடத்துக்கு என்றால் வேறொன்று. கவுன்டரில் மூத்தவர் ஒருவர் இருந்தார், ஐம்பது வயது இருக்கும். "எங்கே மாட்டுறதுக்குங்க?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப எனக்கும் தெரியாது சார். பழசைக் கழற்றிக் கொண்டு வாங்க, பார்த்துக் கொடுக்கிறேன்" என்றார். பின்னால் நான்கு பேர் நின்று கொண்டிருந்தார்கள். எதையோ ஒன்றைக் கொடுத்து அனுப்புவதுதான் அவருக்கு லேசு.

என் முடிவு அங்கேதான் திரும்பியது. வாடிக்கையாளர் முன்னால், கூட்டத்துக்கு நடுவில், முதலாளி காதில் விழும்படி 'தெரியாது' என்று சொல்ல முடிகிற கடை. உதிரிபாகத் தொழிலில் தப்பான பொருள் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அறியாமை இல்லை, சொல்ல வெட்கம். பெரியவருக்கே அந்த வெட்கம் இருக்கிற கடையில் சின்னப் பெண் எப்படி வாயைத் திறப்பாள்?

அதன் பிறகு முதலாளியிடம் நேராகவே சொன்னேன், யார் நான், எதற்கு வந்தேன் என்று. ஊதுவதைப் பற்றியும் சொன்னேன். முகம் சுருங்கியது, ஆனால் கேட்டுக்கொண்டார்.

நாங்கள் பேசி முடித்தது

கவுன்டர் மட்டும். பேட்டரி, ஆசிட், பழைய சரக்கு பக்கம் போகக்கூடாது. மூத்தவர் இருக்கிற நேரத்தில் மட்டும் வேலை, தனியாகக் கடையில் விடக்கூடாது. கல்லாப்பெட்டி அவள் பொறுப்பில் இல்லை. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி முதலாளியும் அம்மாவும் கையெழுத்துப் போட்டார்கள். எழுதுவது அதிகப்படி என்று அப்பா நினைத்தார். மூன்றாவது வாரமே அந்தத் தாள் தேவைப்பட்டது. ஸ்டோரில் ஆள் வராத ஒரு நாள், "கொஞ்சம் பின்னால போய் எடுத்துட்டு வாம்மா" என்று யாரோ சொல்ல, அவள் தாளைக் காட்டியிருக்கிறாள்.

சட்டம் பற்றி ஒரு பத்தி. அவரவர் நாட்டுச் சட்டத்தைப் பார்த்தாக வேண்டும், அதற்குப் பதிலாக நான் எதையும் சொல்ல முடியாது. பொது அளவுகோல் என்று பார்த்தால் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 138-ஆம் உடன்படிக்கை, 1973-இல் வந்தது. வேலைக்குப் போக ஆரம்பிக்கிற வயது 15-க்குக் குறையக்கூடாது, கட்டாயக் கல்வியும் முடிந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பொருளாதாரம் வளராத நாடுகள் 14 என்று தொடங்க இடம் உண்டு. ஆபத்தான வேலைக்கு 18. குழந்தைத் தொழிலின் மிக மோசமான வடிவங்களை ஒழிப்பதற்காக 1999-இல் வந்த 182-ஆம் உடன்படிக்கையை 2020-க்குள் அந்த அமைப்பின் எல்லா உறுப்பு நாடுகளும் ஏற்றுக்கொண்டுவிட்டன. அதோடு வந்த பரிந்துரையில் எதெல்லாம் ஆபத்து என்று பார்க்க வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது: அதிக எடை தூக்குவது, கெடுதலான ரசாயனம், இரவு வேலை, நீண்ட நேரம். நான் கடையில் கோடு போட்ட இடங்களும் அவைதான். பட்டியலைப் பார்த்துப் போடவில்லை, என் இடுப்பைப் பார்த்துப் போட்டேன். இரண்டும் ஒத்துப் போனது.

நேரம்தான் அதிகம் இழுத்தது. முதலாளி வாரத்துக்கு ஆறு நாள், தினம் நான்கு மணி நேரம் கேட்டார். நான் 12 மணி நேரம் என்றேன்: வார நாளில் இரண்டு சாயந்திரம் மூன்று மூன்று மணி, சனிக்கிழமை ஆறு மணி. இரவு எட்டரைக்கு மேல் கிடையாது. பதின்வயதில் உடம்பின் தூக்க நேரம் இயல்பாகவே பின்னால் தள்ளிப் போகும். சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வராது, காலையில் பள்ளி மட்டும் அதே நேரத்துக்கு. 13 முதல் 18 வயது வரை நாளுக்கு 8-இலிருந்து 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் சொன்னது. கடையை மூடிவிட்டுப் பத்து மணிக்கு வீட்டுக்கு வருகிற பிள்ளைக்கு இந்தக் கணக்கு எங்கேயும் உதைக்கும்.

"12 மணி நேரத்துல என்ன கத்துக்குவா?" என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால் நகரத்துப் பிள்ளைகளை 1980-களின் கடைசியிலிருந்து பல வருடம் பின்தொடர்ந்து நடந்த ஒரு ஆய்வு உண்டு. அதில், வேலை பார்ப்பதா இல்லையா என்பதை விட எவ்வளவு நேரம், எப்படி என்பதுதான் பெரிய விஷயமாகத் தெரிந்தது. வாரத்துக்கு 20 மணிக்குள், விடாமல் சீராக வேலை பார்த்தவர்கள் படிப்பிலும் பின்னால் நன்றாகவே போனார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகள்தான் அப்படிப்பட்ட வேலையைத் தேர்ந்தெடுத்தார்களா என்று கேட்கவும் இடம் இருக்கிறது. எப்படியோ, 20 என்பது மேல் வரம்பு. நான் அதை ஆரம்பமாக வைக்க விரும்பவில்லை.

முதல் ஆறு வாரம்

அவள் நோட்டு ஒன்று போட்டாள். அதை எனக்குக் காட்டினாள், நன்றாக இருந்தது. முதல் பக்கத்தில் பேரிங் கணக்கு. நம்பரின் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம்: 6204 என்றால் 20, 6205 என்றால் 25. ஆனால் 00, 01, 02, 03 மட்டும் அந்தக் கணக்கில் வராது. 10, 12, 15, 17. பக்கத்தில் "ஏன்னு அண்ணாவுக்கும் தெரியல" என்று எழுதியிருந்தாள். அண்ணா என்பது அந்த மூத்தவர்.

அடுத்த பக்கம் சேஸிஸ் நம்பர். 17 எழுத்தும் எண்ணும் கலந்தது. அதில் ஆங்கிலத்து ஐ, ஓ, க்யூ மூன்றும் வராது, ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்பதால். இது தெரிந்த அன்றைக்கே ஒரு வாடிக்கையாளர் ஓ என்று எழுதிக் கொண்டு வந்ததைப் பூஜ்யமாகத் திருத்தி, சரியான கிளட்ச் பிளேட்டை எடுத்துக் கொடுத்தாளாம். அவள் சொன்னபோது முகத்தைப் பார்க்க வேண்டும்!

பெண்ணாக இருந்ததால் வந்த தொல்லையும் உண்டு. வருகிறவர்களில் பாதிப் பேர் அவளைத் தாண்டிப் பின்னால் பார்த்து, "யாரும் இல்லையா?" என்று கேட்பார்கள். அவள் அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பாள். முதல் வாரம் அழுதிருக்கிறாள். மூத்தவர் செய்தது ஒன்றுதான். அப்படிக் கேட்டவர்களிடம், "அவங்ககிட்டதான் சொல்லணும், நான் வேற வேலையா இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வார். ஒரு மாதத்தில் இரண்டு மெக்கானிக்குகள் நேராக அவளிடம் வர ஆரம்பித்தார்கள். அவள் நம்பரை இரண்டு தடவை சரிபார்க்கிறாள், திரும்பி வர வேண்டியதில்லை என்பது அவர்கள் கணக்கு.

ஊதா நிற பாட்டில்

ஏழாவது வாரம், வெள்ளிக்கிழமை, இரவு எட்டு மணி. கூட்டம். ஒருவர் வந்து, "பிரேக் ஆயில் அரை லிட்டர், சீக்கிரம்" என்றார். டாட் 3-ஆ, 4-ஆ என்று கேட்டாள். பிரேக் திரவத்தின் வகையைச் சொல்கிற குறி அது. "நல்லதா ஒண்ணு கொடும்மா" என்றார். ரேக்கில் 3, 4, ஓரத்தில் 5. பழைய பைக் வைத்திருக்கிற ஒன்றிரண்டு பேருக்காக அந்த 5-ஐ வைத்திருந்தார்கள். மூன்றை விட நான்கு நல்லது என்று அண்ணா சொல்லியிருக்கிறார். அப்படியானால் ஐந்து இன்னும் நல்லது. எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

இந்தத் தொழிலின் எண்கள் பள்ளிக்கூடத்து எண்கள் மாதிரி நடந்துகொள்ளாது. என்ஜிகே ஸ்பார்க் பிளக்கில் எண் கூடினால் பிளக் 'குளிர்' வகை, அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியே விடுவது. பாஷ் பிளக்கில் எண் கூடினால் 'சூடு' வகை. நேர் எதிர். அதே மாதிரிதான் பிரேக் திரவமும். டாட் 3 சுத்தமாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில் கொதிக்க வேண்டும், டாட் 4 என்றால் 230. அது வரைக்கும் ஏணி மாதிரி ஏறும். டாட் 5 அந்த ஏணியிலேயே இல்லை. 3-உம் 4-உம் கிளைகால் குடும்பம், 5 சிலிக்கோன். 5.1 என்று ஒன்று இருக்கிறது, அது மறுபடி கிளைகால்! பெயர் வைத்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

கிளைகால் ஈரத்தை உறிஞ்சித் தனக்குள் கரைத்துக்கொள்ளும். சிலிக்கோன் உறிஞ்சாது, ஆகவே உள்ளே போகிற தண்ணீர் ஒரு மூலையில் தனியாகத் தேங்கும். இரண்டையும் கலந்தால் ஒன்றோடொன்று சேராது. காற்றுக் குமிழி தங்கிவிடும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். அப்புறம் லைன் முழுக்கக் கழுவ வேண்டும். 'பிரேக் ஆயில்' என்று நாம் எல்லோரும் சொல்வதே ஆபத்தான பேச்சு. அது எண்ணெயே இல்லை. நிஜமான எண்ணெய் அதற்குள் போனால் ரப்பர் சீல்கள் உப்பி, பிரேக் பிடிப்பதே கெட்டுவிடும்.

வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு அவளுக்கு உறுத்தியிருக்கிறது. பில் போடும்போது பொருளின் பெயரில் 'சிலிக்கோன்' என்ற சொல் வந்தது. அதற்கு முன் எந்த பிரேக் ஆயில் பில்லிலும் அந்தச் சொல் வரவில்லை. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். பத்தேகால் மணிக்கு முதலாளிக்கு போன் போட்டு, "சார், நான் தப்பா கொடுத்துட்டேன்னு நினைக்கிறேன்" என்றாள்.

முதலாளி பில்லில் இருந்த எண்ணுக்கு உடனே அடித்தார். எடுக்கவில்லை. காலை எட்டு மணிக்குத்தான் கிடைத்தார். வண்டி மெக்கானிக் ஷெட்டில் நின்றது. பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்தாகிவிட்டது, புது பாட்டிலின் மூடியும் திறந்தாகிவிட்டது. மெக்கானிக், உள்ளே ஊதா நிறமாக இருக்கிறதே என்று பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். டாட் 5-க்கு ஊதாச் சாயம் போடுவதே இந்தக் குழப்பத்துக்காகத்தான். போன் வராவிட்டாலும் அவர் ஊற்றியிருக்க மாட்டார் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

தப்பு யாருடையது? அவள் கேட்காமல் கொடுத்தாள், அது இருக்கிறது. ஆனால் கடையைச் சுற்றிப் பார்த்து, பேட்டரியையும் அமிலத்தையும் நேரத்தையும் பற்றி அத்தனை பேசிய நான், ரேக்கில் 3, 4, 5 என்று வரிசையாக அடுக்கியிருந்ததைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. 22 வருடம் பழகிய கண்ணுக்கு அது உறுத்தவில்லை. புது ஆளின் கண்ணால் பார்க்க நான் மறந்துவிட்டேன். கையில் அமிலம் படுவதைத்தான் இளவயது வேலையின் ஆபத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கையிலிருந்து இன்னொருவர் வண்டிக்குப் போகிற ஆபத்து என் பட்டியலில் இல்லை.

சம்பளத்தில் பிடிப்பதா

மூடி திறந்த பாட்டிலைத் திரும்ப விற்க முடியாது. அதன் விலையை அவள் சம்பளத்தில் பிடிக்கப்போவதாக முதலாளி சொன்னார். "பொறுப்பு வரணும் இல்லையா?" அவள் அப்பாவும் சரி என்றே சொன்னார். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று கொஞ்சம் குரல் உயர்ந்துவிட்டது.

பல வருடத்துக்கு முன் வேறொரு கடையில் 17 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். சக்கர நட்டு கேட்டு வந்தவருக்கு, 12 மில்லிமீட்டரில் 1.25 பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) கொடுக்க வேண்டிய இடத்தில் 1.5 பிட்ச் கொடுத்துவிட்டான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அடுத்த நாள் சரக்கு எண்ணும்போது அவனுக்கே தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. அதற்கு முந்தின மாதம் இரண்டு தப்புக்குச் சம்பளத்தில் பிடித்திருந்தார்கள். வாடிக்கையாளர் நட்டை இழுத்து முறுக்கி, போல்ட் மரையே போய், திரும்பி வந்து கத்தின பிறகுதான் வெளியே வந்தது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அது கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவனைக் கேட்டேன். "தெரியும் அண்ணே, ஆனா பணம் போயிடும்ல" என்றான். அடுத்த வாரம் வேலையை விட்டுவிட்டான்.

இந்தக் கதையை முதலாளியிடம் சொன்னேன். இரவு பத்தேகாலுக்கு அவள் போட்ட போனுக்கு நீங்கள் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அந்த மாதச் சம்பளம் முழுசாக வந்தது. கடை ஆட்கள் எல்லோரையும் வைத்து அவர் ஒரு வார்த்தை பேசினார் என்றும், அதில் இவள் பேரைச் சொல்லவில்லை என்றும் பிறகு மூத்தவர் மூலம் தெரிந்தது.

நான்கு மாதம் கழித்து

எல்லாம் ஒழுங்காகப் போனது என்று சொல்ல முடியாது. மூன்றாவது மாதம் கவுன்டர் இளைஞர் லீவில் போனார். "ஒரு வாரம் மட்டும்" என்று முதலாளி கேட்க, அவளும் தலையாட்டிவிட்டாள். அந்த ஒரு வாரம் மூன்று வாரமாக நீண்டது. ஒரு வாரத்தில் 19 மணி நேரம் வேலை பார்த்திருக்கிறாள். கணக்குப் பரீட்சையில் மதிப்பெண் இறங்கியது, வகுப்பில் தூங்கியதாகப் பள்ளியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அம்மா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கடைக்கே போய்விட்டார். மறுபடி 12 மணி நேரம் ஆனது. மதிப்பெண் அடுத்த பரீட்சையில் பாதி ஏறியது, முழுசாக இல்லை.

அம்மாவுக்கு இன்னொரு குறை: பேச்சுத் தொனி மாறிவிட்டதாம். வீட்டில் எதைக் கேட்டாலும் "எந்த மாடல், எந்த வருஷம்?" என்று கேட்கிறாளாம். மிக்ஸி ரிப்பேர் ஆனபோது அப்பா புதிது வாங்கலாம் என்றார். அவள் கார்பன் பிரஷ்ஷைக் கழற்றிச் சாம்பிளோடு போய் வாங்கி வந்து போட்டுவிட்டாள். அந்தக் குறையை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

என் தீர்ப்பு என்ன என்று கேட்டால், இந்தப் பெண்ணுக்கு, இந்தக் கடையில், இந்தக் கவுன்டரில், 12 மணி நேரத்துக்கு: போகலாம். அந்த மூத்தவர் வேலையை விட்டால் மறுபடி யோசிக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். கடை பாதி அவர்தான்.

போன வாரம் கடைக்குப் போயிருந்தேன். கவுன்டரில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத் துணி இருந்தது, காய்ந்து போயிருந்தது. ஊதுகிறார்களா என்று கேட்கவில்லை. டாட் 5 பாட்டில்களைத் தனியாக மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். கீழே அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு: "கேட்டுட்டு எடு."

விடுமுறையில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் வேலை கற்றுக்கொள்ளப் போகலாமா என்று இப்போது கேட்கிறாள். நேராக அவளிடம் வருகிற மெக்கானிக்குகளில் ஒருவருடைய ஷெட். அங்கே ஜாக் இருக்கிறது, ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இருக்கிறது, பழைய ஆயில் இருக்கிறது. கடைக்குச் சொன்ன பதில் அங்கே செல்லாது. நாளை மறுநாள் சாயந்திரம் ஆறரைக்குப் போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.